நடுவில் காணாமல் போன எழுத்துகள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என் தங்கை கேட்டாள்: "எனக்கு என்ன ஆச்சுன்னு எழுதி, எனக்கே படிச்சுக் காட்டுக்கா."

முதல் தொடக்கம்: அன்று காலை வானம் மேகமூட்டமாக (வேண்டாம். வானத்தை அன்று யார் பார்த்தார்கள்?)

2

தங்கை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைத் தண்ணீர் பட்ட பாடாகப் படிப்பாள். எழுதிய டாக்டரே சில சமயம் அவளிடம் போன் போட்டுக் கேட்பார் என்று கடைக்காரர் பீற்றிக்கொள்வார்.

அவளுக்கு வயிற்றில் எட்டாம் மாதம். முகம் உப்பியிருந்தது, செருப்பு காலில் ஏறவில்லை. இரண்டு நாளாகத் தலைவலி. பகல் பதினொன்றரைக்கு ஒருவரிடம் மருந்துச் சீட்டை வாங்கினாள். வரிகளின் நடுவே எழுத்துகளைக் காணோம். சீட்டில்தான் கோளாறு என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். சீட்டு கொடுத்தவருக்குக் காது இருந்தது, தோள் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

அவள் கத்தவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் கல்லாவை விட்டு எழுந்து வருவதற்குள் வட்டம் வளர்ந்துவிட்டது.

"அண்ணே, எங்க நிக்கிறீங்க?"

அவர் அவளுக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தார்.

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லும் கருவியை அவர் அவள் கையிலேயே சுற்றினார். நூற்றுத் தொண்ணூறு. கருவி கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றைப் பிரித்தார். அதுவும் அதையே சொன்னது.

3

இங்கே ஒரு வாக்கியத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். அடித்ததை அப்படியே விடுகிறேன்: முந்தைய நாள் அவள் அக்காவுக்குப் போன் செய்து, தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். "மாசமா இருக்கும்போது இதெல்லாம் சகஜம்டி, தூங்கு" என்றாள் அக்கா. அந்த அக்கா

(மேலே எழுத வரவில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும்.)

4

ரத்த அழுத்தம் எகிறியதில் கண்ணுக்குள் நீர் கோத்து, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உப்புவது போல விழித்திரை எழும்பிவிட்டது என்றார் டாக்டர். இரண்டு கண்ணிலும். பிள்ளையை உடனே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

"எடுத்தா கண்ணு வந்துருமா?" என்று கேட்டாள் தங்கை.

"பெரும்பாலும் வந்துரும்மா."

"பெரும்பாலும்னா?"

டாக்டர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். தங்கையின் கணவன், லாரி ஓட்டுகிறவன், தன் பெயரையே தப்பாக எழுதிவிட்டு இன்னொரு தாள் கேட்டான்.

பெண் குழந்தை. ஒரு கிலோ தொள்ளாயிரம். அழுகையைத் தாய் கேட்டாள். அதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான்காம் நாள்தான் மடியில் வைத்தார்கள். யார் சாயல் என்று கேட்டாள். "உன்னை மாதிரிதான்" என்ற கணவன், வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

5

முடிவு (அ): சில வாரத்தில் நீர் வடிந்து, பார்வை முழுசாகத் திரும்புகிறது.

முடிவு (ஆ): நடுவில் ஒரு கறை தங்கிவிடுகிறது. சீட்டுப் படிக்கும் வேலை போகிறது.

இன்று பதினோராம் நாள். ஓரங்களில் வெளிச்சம் தெரிகிறது என்கிறாள். நடுவில் இன்னும் இல்லை. இரண்டு முடிவையும் படித்துக் காட்டினேன். குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். என்னுடைய போன் பேச்சையும் படித்தேன். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ரெண்டு முடிவையும் அடிச்சிரு அக்கா. எப்ப வருதோ அப்ப வரட்டும். இப்ப பாப்பா எப்படி இருக்கான்னு சொல்லு."

நீங்கள் எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலை இருக்கிறது. வலது காது மேலே லேசாக மடிந்திருக்கிறதுடி. புருவம் இன்னும் வரவில்லை. நெற்றியில் இரண்டு கோடு, என்னமோ கணக்குத் தப்பிவிட்ட மாதிரி. இப்போது கொட்டாவி விடுகிறாள்.