அவர் போட்ட பாஸ்வேர்ட்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என் கணவர் பலீல்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். எனக்கு ஒரு லிமிட்டட் கணக்கு. யாரோ கொடுத்த கல்யாண வீட்டு சீடியைப் போட்டு நான் வைரஸ் ஏற்றிவிட்டேனாம்; அன்றிலிருந்து அந்தத் தண்டனை. என்னால் புதிதாக ஒன்றும் ஏற்ற முடியாது, அவருடைய ஃபோல்டரைத் திறக்கவும் முடியாது. மிளகு வியாபாரி, குசினியில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. இந்தப் பெட்டிக்கு முன்னால் மட்டும் ராஜா மாதிரி உட்காருவார். பாஸ்வேர்டைக் கேட்டால், "ஒங்களுக்கு எதுக்கு?" என்று சிரிப்பார்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு பழைய பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்வார். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. நடுவில் "மஸூதா, பிளேன்டீ" என்று கூப்பிடுவதும் சேர்ந்தே பதிவாகும். அதை அழிக்க மாட்டார்.

இரண்டாயிரத்து எட்டில் நெஞ்சுவலி என்று மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனவர், எங்கள் ஊரான பலாபத்வலைக்கு ஜனாஸாவாக, வெறும் உடலாகத்தான் திரும்பினார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவனை இழந்தவளாக நான் இத்தாவில் உட்கார்ந்தேன். அது முடியும்வரை வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. வந்த சனம் கலைந்த பிறகு, பேச ஆளில்லாமல் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் இருந்தது. பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிட வழியில்லை. என் கணவரின் லாத்தா, அவருடைய அக்கா ஹமீமா மதினியிடம்தான் சொன்னேன்.

"மதினி, அவர் பாடின பாட்டெல்லாம் உள்ளுக்கு இருக்கு. அவர்ட குரல ஒருக்காக் கேக்கணும். மச்சான்கிட்ட சொல்லி பூட்டத் திறந்து தரச் சொல்லுங்க."

மதினியின் முகம் மாறியது. "மவுத்தான மனிசன் பாடுறத டவுன்ல பொடியனுங்க கேட்டுச் சிரிக்கவா? நீங்க பேசாம இருங்க. நான் பாத்துக்கிறேன்."

மதினியின் கணவர் ஸக்கரியா மச்சான் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, த்ரீவீலரில் கொண்டு போனார். வழியில் செக்பொயின்டில் ஆமிக்காரர்கள் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்களாம். அவர்கள்கூட உள்ளே இருந்த எதையும் எடுக்கவில்லை.

மறுநாள் மச்சானும் மதினியும் பெட்டியைக் கொண்டு வந்தார்கள். திரைச்சீலைக்கு அப்பால் நின்று மச்சான் சொன்னார்: "எல்லாம் சரி. இனி நீங்கதான் அட்மினிஸ்ட்ரேட்டர். பாஸ்வேர்டே இல்ல."

போட்டேன். திரையில் என் பெயர் மட்டும் இருந்தது. அவருடைய ஃபோல்டரைத் தேடினேன், குப்பைத்தொட்டியிலும் தேடினேன். எங்கும் இல்லை.

"மச்சான், பாட்டு எங்க?"

"பாட்டா? உள்ளுக்கு இருக்கிறத ஒருத்தரும் பாக்கவும் வேணாம், கேக்கவும் வேணாம், பூட்ட மட்டும் எடுக்கணும்னு ஹமீமா சொன்னா. அப்படியே கடையில சொன்னேன். அப்ப ஒன்டையும் பாக்காம எல்லாத்தயும் அழிச்சிட்டு புதுசாப் போட்டுத் தாறேன்னான். நல்லதுதானேன்னு நெனச்சேன்."

மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என்ட தம்பிட மானத்தத்தானே நெனச்சேன், மஸூதா," என்று அழுதார். வாயில் வந்ததை எல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன். அந்தக் குரலை என்னைவிட அதிக காலம் கேட்டவர் அவர்.

அவர்கள் போன பிறகு, திரையின் மூலையில் ஒரு எச்சரிக்கை வந்தது. என் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு போதாதாம். பாஸ்வேர்ட் ஒன்று வைக்கலாம் என்று அந்த இடத்தைத் திறந்தேன். அதைத் தொட இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஒன்றும் அடிக்காமல் மூடினேன்.