ஒரு ஸ்க்ரூ மிச்சம்

முப்பது வருடமாகப் பம்பு பிரித்து மாட்டும் மெக்கானிக்குக்கு, மகள் அனுப்பிய பெட்டியைப் பார்த்ததும் இளக்காரமாகத்தான் இருந்தது. நாமே கோத்துக்கொள்கிற பிலிம் கேமரா. பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு லென்ஸ், கடுகு சைஸில் ஸ்க்ரூக்கள். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று காலையில் உட்கார்ந்தார்.

நாலு மணி பஸ்ஸில் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போகிறாள். திரும்ப மூன்று மாதம். அதற்குள் அவளைக் கண் திறந்தபடி ஒரு படம் எடுத்தாக வேண்டும். கல்யாண போட்டோவிலேயே கண்ணை மூடிவிட்டவள் அவள். மருமகன் போனில் எடுத்த நாற்பதிலும் அதே கதை. தூங்குகிற பெண்டாட்டியைச் சுவரில் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்ட முடியாது.

பன்னிரண்டுக்குக் கேமரா தயார். தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: தட்டில் ஒன்று மிஞ்சினாலும் மோட்டாரைப் போடக்கூடாது. பிரித்தார், கோத்தார். மறுபடியும் மிஞ்சியது. மறுபடியும் பிரித்தார்.

மூன்று மணிக்கு மனைவி வந்து நின்றாள்.

"இன்னும் முடியலயா? நான் போய்ப் பேரப்பிள்ளையோட திரும்பியே வந்துடுவேன் போல."

"இந்த ஸ்க்ரூ எங்க போகணும்னு தெரியல."

"பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

"மெக்கானிக் எங்கயாவது பேப்பர் படிப்பானா?"

டீ டம்ளருக்கு அடியில் ஈரமாகிக் கிடந்த தாளை அவள் உருவினாள். எட்டப் பிடித்து எழுத்துக் கூட்டினாள்.

"ஸ்க்ரூ ஒன்பது. தொலைஞ்சா போட்டுக்க ஒண்ணு கூடுதலா வச்சிருக்காங்களாம்."

அரை மணியில் கோத்து, பிலிமைச் சொருகி, அவளை வெயில் விழும் வாசலில் நிறுத்தினார். கேமரா சொடுக்கியது. மூடினாள். இன்னொன்று. அதற்கும் மூடினாள்.

"மூடிட்ட."

"மூடல."

"சரி விடு, பஸ் போயிடும்."

பையைத் தூக்கியவள் படியில் நின்று திரும்பினாள். "கேஸை ஒழுங்கா மூடுங்க. மாத்திரையை மறக்காதீங்க. சோறு தண்ணி இல்லாம இந்தப் பொம்மையையே பிரிச்சுட்டு உக்காந்திருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன்..."

அவர் விரல் அழுத்தியது.

பதினைந்து நாளில் படம் கழுவி வந்தது. பட்டறை அலமாரிக் கதவில் ஒட்டினார். வெல்டர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான்.

"அண்ணி யாரைண்ணே இந்தத் திட்டு திட்டுறாங்க?"

"வாயை விடுடா. கண்ணைப் பாரு."