பற்றரிக்கு மேல் ஒரு தேசிக்காய்

பனிச்சங்கேணி வயல் வட்டையில் நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கடல் பக்கமாகக் காலம் தப்பிய மழை ஒன்று இருட்டிக்கொண்டு வந்தது. நிரோசனின் நெல் வெட்டு மெசின் மட்டும் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றொரு சத்தம், அவ்வளவுதான்.

வேறு யாருடைய வயலாக இருந்தாலும் பரவாயில்லை. இது மாமனார் குஞ்சித்தம்பியின் வயல். மெசின் வாங்கிய நாளிலிருந்து, "அந்தத் தகரத்த என்ட வயலுக்க இறக்க மாட்டன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர். மனைவி உசாந்தி தகப்பனோடு மல்லுக்கட்டி இந்தப் போகந்தான் சம்மதம் வாங்கியிருந்தாள். இன்று மெசின் காலை வாரினால் மழை நெல்லையும் கொண்டுபோகும், மருமகனின் மானத்தையும் கொண்டுபோகும். நிரோசனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மாமனாரோ வரம்பில் நின்று மழை இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏசாமல் நிற்பதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

பற்றரி மூடியைத் திறந்தான். வயர் பூட்டும் முனை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. அதற்கு நேர் மேலே, வலை நூலில் ஒரு தேசிக்காய் தொங்கியது. வெடித்து, புளிச்சாறெல்லாம் அந்த முனையில் வடிந்திருந்தது.

கண்ணூறு படாமலிருக்கத் தேசிக்காயை எல்லாரும் மெசினின் முன்னுக்குத்தான் கட்டுவார்கள். "உள்ளுக்க ஒளிச்சுக் கட்டின புத்திசாலி யாரு?" என்று கத்தினான்.

"நான் இல்ல," என்றாள், வரம்பில் தேத்தண்ணிக்கு அடுப்பூதிக்கொண்டிருந்த உசாந்தி. அவள் பார்வை தகப்பன் மேல் போனது.

குஞ்சித்தம்பி தலையைச் சொறிந்தார். "புது மெசின். ஊர்க்கண் பட்டிடும் எண்டு பயந்துதான், மருமகன். ஊருக்கு முன்னால ஏசிப்போட்டு, மறுகா நானே போய் எல்லாரும் பார்க்கக் கட்டேலுமா?"

கோபம் வரவேண்டிய இடத்தில் நிரோசனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயரைக் கழற்றினான். மாமனாரின் தேத்தண்ணிக்குக் கொதித்த தண்ணீரை எடுத்து அந்தப் பூப்பின் மேல் ஊற்றினான். பழைய பிறஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, முனை பளபளக்கும்வரை அரத்தாளால் உரசினான். இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினான்.

சாவியைத் திருப்பியதுதான் தாமதம், மெசின் உறுமியது. மழை இறங்குமுன் கடைசிக் கதிரும் உள்ளே போய்விட்டது.

மெசின் மேட்டுக்கு ஏறியதும் குஞ்சித்தம்பி மடியிலிருந்து இன்னொரு தேசிக்காயை எடுத்தார். அக்கம்பக்கத்து வயல்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, மெசினின் நெற்றியிலேயே கட்டினார்.

"என்னகா பார்க்கிறீங்க?" என்றார், நனைந்துகொண்டே. "எங்கட மெசின்!"