ஆற்றோரத்துக் கீரை

ஈஸ்ட் ஹாமில் ரஞ்சனாவின் அடுப்பில் இரண்டு ஊர்ச் சமையல் நடக்கும். அவள் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கணவன் நிசாந்தன் யாழ்ப்பாணத்தான், லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். ஒருநாள் புட்டும் சொதியும் என்றால் மறுநாள் தேங்காய்ப்பாலில் வெந்த சோறான நாசி லெமாக்கும் மிளகாய்ச் சம்பாலும். சம்பாலுக்குப் பெலாச்சான் என்ற இறால் விழுதைச் சுடும்போது எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட வேண்டும். ஒன்பது வயது மகள் தக்ஷிகா மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததால் மூவரும் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் ஆற்றோரம் நடக்கப் போனார்கள். தண்ணீர் விளிம்பில் பச்சைப்பசேல் என்று ஒரு கீரை மண்டிக் கிடந்தது. ரஞ்சனா நின்றுவிட்டாள். கிள்ளானில் பச்சையாகவே சம்பாலில் தொட்டுச் சாப்பிடும் கீரைகளில் செலோம் என்று ஒன்று உண்டு. அதே இலை, அதே குழல் போன்ற தண்டு. ஒன்றை ஒடித்து முகர்ந்தாள். அதே வாசனை.

"இங்க பாருங்க, செலோம்! இது லண்டன்ல இருக்குன்னு யாருமே சொல்லலையே!"

"உது சும்மா புல்லப்பா. நாய் மூத்திரம் பெஞ்சிருக்கும், விட்டிட்டு வாரும்" என்றான் நிசாந்தன்.

"கழுவிட்டா போச்சுலா" என்று சிரித்துக்கொண்டே ஒரு பை நிறையப் பறித்தாள்.

மறுநாள் காலை நிசாந்தனின் சாப்பாட்டுப் பெட்டியில் நாசி லெமாக், சம்பால், பொரித்த நெத்திலி, அவித்த முட்டை எல்லாம் வைத்து, ஓரத்தில் அந்தக் கீரையையும் ஒரு பிடி வைத்தாள். அவன் ஷிப்டுக்குப் போனான். மகள் பள்ளிக்கூடம் போனாள். வேலை முடித்து உட்கார்ந்தவள் தானும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு, மூன்று நான்கு தண்டுகளை சம்பாலில் தொட்டு மென்றாள். ஊரில் தின்றதைவிடக் கொஞ்சம் காரமாக இருப்பதுபோல் பட்டது. தட்டைப் படமெடுத்துத் தன் தோழி ஹம்சினிக்கு அனுப்பினாள். ஹம்சினி கோயம்புத்தூர்க்காரி, லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளுநர்.

பதில் எழுத்தில் வரவில்லை. போன் அடித்தது.

"ரஞ்சனா, அந்த இலை எந்தக் கடையில வாங்கின?"

"கடையில இல்ல. ஆத்தோரத்துல முளைச்சுக் கிடந்திச்சு. அள்ளிக்கிட்டு வந்துட்டேன்."

"சாப்பிட்டியா?"

"இப்பதான். ஏன்?"

"நான் சொல்றதைக் கவனமா கேளு. உங்க ஊர்க் கீரை மாதிரியே இங்க ஆத்தோரத்துல ஒரு செடி வளரும். கொடிய விஷம். ஒருத்தரை எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க, வலிப்பு நிக்கவே இல்ல. உடனே ஆம்புலன்சுக்கு அடி. நீயா வாந்தி எடுக்காத. வேற யாரு சாப்பிட்டாங்க?"

"அவர் பொழைச்சாரா?"

"வேற யாரு சாப்பிட்டாங்க, ரஞ்சனா?"

ரஞ்சனாவுக்கு முதலில் மகள்தான் நினைவுக்கு வந்தாள். அவளுடைய பெட்டியில் என்ன வைத்தோம்? சோறு. முட்டை. பச்சையாக ஏதோ ஒன்று. வெள்ளரிக்காய். வெள்ளரிக்காய்தான் வைத்தோமா? நறுக்கியது நினைவிருந்தது, வைத்தது நினைவில்லை. ஓடிப்போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். பாதி வெள்ளரிக்காய் இருந்தது, மீதிப் பாதி இல்லை. அப்படியும் மனம் ஆறவில்லை.

"நீ ஸ்கூலுக்குப் போன் பண்ணு, ஹம்சினி. தக்ஷிகா எதையும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லு. நான் அவருக்கு அடிக்கிறேன். அவர் பெட்டியில வச்சிருக்கேன். அவர் பஸ் ஓட்டிக்கிட்டு இருக்காருடி!"

ஆம்புலன்சுக்கு அடித்தாள், அவர்கள் ஏதேதோ கேட்டார்கள், கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு நிசாந்தனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவன் போனை எடுக்கமாட்டான், பைக்குள் கிடக்கும். மறுபடி அழைத்தாள். மறுபடியும். நாக்கு மரத்துப்போன மாதிரி இருந்தது. பயத்தாலா, விஷத்தாலா? விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். நிறைய ஆட்கள் ஏறிய இரண்டடுக்கு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் உடல் இழுத்துக்கொண்டு துடிப்பதுபோல் ஒரு காட்சி கண்முன் வந்து நின்றது. தலையை உதறினாலும் அது போகவில்லை.

அவன் வேலை செய்யும் பஸ் கராஜின் எண் எங்கோ இருந்தது. தேடி எடுத்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் எடுத்தாள். ரஞ்சனாவின் இங்கிலீஷ் அவளுக்கே புரியாதபடி வந்தது. கணவன், சாப்பாடு, விஷம் என்ற மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண் பதறவில்லை. டிரைவரின் பெயரைக் கேட்டாள். திரையில் பார்த்துவிட்டு, அவர் இப்போது சாப்பாட்டு இடைவேளையில் இருக்கிறார், கன்டீனில் இருப்பார், போனை வைக்காதீர்கள் என்றாள்.

சாப்பாட்டு இடைவேளை.

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஓடும் காலடிகள், ஒரு கதவு, இன்னொரு கதவு, ஆட்களின் பேச்சும் சிரிப்பும். ரஞ்சனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதோடு போனை அழுத்திப் பிடித்திருந்தாள். தெரிந்த தெய்வங்களின் பெயரெல்லாம் வாயில் வந்தது.

"என்னப்பா? என்ன நடந்தது? பிள்ளைக்கு ஏதும்?" நிசாந்தனின் குரல்.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம், இப்பதான் முடிச்சனான்."

"கீரை? அந்தக் கீரையைச் சாப்பிட்டீங்களா?"

"ஏன் கேக்கிறீர்?" என்றான்.

"சொல்லுங்க! அது விஷம்! அது செலோம் இல்ல, விஷச் செடி!"

"நான் தின்னேல்லை, ரஞ்சி. சத்தியமா நான் தின்னேல்லை."

நெஞ்சுக்குள் இருந்த பெரிய கட்டி ஒன்று கரைந்து இறங்கியது. ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சை நினைத்துப் பிற்பாடு அவள் பலமுறை கூசிப் போனாள்.

"பச்சை இலை எனக்கு இறங்காது. உமக்குச் சொன்னா மனம் நோகுமெண்டு சொல்லேல்லை. எப்பவும் கூட பஸ் ஓட்டுற சயந்தனுக்குத்தான் குடுக்கிறனான். அவன் விரும்பிச் சாப்பிடுவான்." அவன் குரல் உடைந்தது. "அவன் முழுக்கத் திண்டிட்டானப்பா."

"சயந்தன் எங்க?"

"பஸ் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டான்."

போன் அவன் கையிலிருந்து பறிக்கப்படும் சத்தம் கேட்டது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் யாரிடமோ கத்தியது. இணைப்பு அறுந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது ரஞ்சனா வாசலில் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் படுத்தபடி, சயந்தனை எப்படியாவது நிறுத்துங்கள், அவன் பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கூட இருந்த இளைஞன் அவளுடைய நாடியைப் பிடித்துக்கொண்டு, கராஜில் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் அமைதியாக இருங்கள் என்றான். அமைதி எங்கிருந்து வரும்? ஹம்சினியிடமிருந்து செய்தி வந்திருந்தது. தக்ஷிகாவின் பெட்டியில் வெள்ளரிக்காய்தான் இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் பக்கத்து வீட்டு லூர்தம்மா கூட்டிக்கொண்டு போவாள். அதைப் படித்ததும் கண்ணீர் வந்தது. ஆனால் பயம் விடவில்லை.

நடந்ததை நிசாந்தன் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான். கராஜிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டபோது சயந்தனுக்கு ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருந்தது. உடனே பஸ்ஸை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து எல்லோரையும் இறங்கச் சொல்லியிருக்கிறான். கடைசி ஆள் இறங்கியதும் அவனும் இறங்கி நடைபாதையில் விழுந்திருக்கிறான். அங்கேயே ஒரு வலிப்பு. ஆம்புலன்ஸில் இன்னொன்று. இதே ஆஸ்பத்திரியில்தான், மேல் மாடியில், மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

"பிழைப்பானா?" என்று ரஞ்சனா கேட்டாள்.

"தெரியேல்லை எண்டு சொல்லுகினம்."

அவள் கட்டிலில் கிடந்தாள். விரல் நுனியில் ஏதோ மாட்டியிருந்தார்கள். ஒரு தசை துடித்தாலும் இதோ வலிப்பு வருகிறது என்று பற்களைக் கடித்துக்கொண்டாள். வாந்தியும் வயிற்றுவலியும் தவிர வேறொன்றும் வரவில்லை. அவள் தின்றது கொஞ்சம். அவள் ஆசையாக ஒரு பிடி வைத்ததை முழுக்கத் தின்றவன் மேலே கிடந்தான்.

சாயந்தரம் அந்த வார்டுக்கு ஒரு பெண் வேகமாக வந்தாள். சயந்தனின் மனைவி அஜந்தா. ஒருமுறை பிறந்தநாள் ஒன்றில் பார்த்திருக்கிறார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள்.

"என்ன குடுத்தனீங்கள் என்ர மனுசனுக்கு?"

நிசாந்தன் எழுந்தான். "அஜந்தா, அவவுக்குத் தெரியாது, அவவும்..."

"நான் உங்களைக் கேக்கேல்லை, அண்ணை." அவள் கண்கள் ரஞ்சனாவை விட்டு நகரவில்லை. "எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். தெரியாத இலையைப் பிடுங்கி ஆருக்கும் தின்னக் குடுப்பினமே?"

"தெரியும்னு நினைச்சுட்டேன்" என்றாள் ரஞ்சனா. அந்தச் சொற்கள் அவளுக்கே கேவலமாக இருந்தன. அஜந்தா திரும்பி நடந்தாள்.

அந்த இரவு ரஞ்சனா உறங்கவில்லை. தாழ்வாரத்தில் யாராவது வேகமாக நடந்தால் எழுந்து உட்கார்ந்தாள். விடிந்து வெகுநேரம் கழித்து நிசாந்தன் வந்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சொன்னான்: "கண் முழிச்சிட்டான். அஜந்தாவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவனாம்."

அதன் பிறகு வந்த நாட்களில் ரஞ்சனாவால் ஒழுங்காகச் சமைக்க முடியவில்லை. கடையில் வாங்கிய கொத்தமல்லியைக்கூட நான்கு முறை கழுவி, முகர்ந்து, கடைசியில் குப்பையில் போட்டாள். தக்ஷிகா சாப்பிடும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, stop it" என்று பிள்ளை எரிச்சல்பட்டது.

சயந்தன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் அவர்கள் வீடு இருந்த அப்டன் பார்க்குக்குப் போக முடிவு செய்தாள். நிசாந்தன் கூட வருவதாகச் சொன்னான், வேண்டாம் என்றாள். எதைக் கொண்டுபோவது? தன் கையால் செய்த எதையும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வழியில் ஒரு கடையில் மூடி திறக்காத ஜூஸ் போத்தல்கள் வாங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மணியை அழுத்தினாள்.

அஜந்தாதான் கதவைத் திறந்தாள். போத்தல்களைப் பார்த்தாள், ரஞ்சனாவைப் பார்த்தாள்.

"அவருக்குப் பஸ் ஓட்ட ஏலாதாம். டொக்டர்மார் சொல்லுமட்டும். எப்ப சொல்லுவினமெண்டும் தெரியாது."

"நிசாந்தன் சொன்னாரு. நாங்க என்ன செய்யணுமோ அதைச் செய்றோம், அஜந்தா. நீங்க திட்டுங்க. திட்டுறதுக்குத்தான் வந்தேன்."

"திட்டி என்ன செய்ய?" அஜந்தா கதவைப் பிடித்தபடியே நின்றாள். "உங்களில கோவம் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். இருக்கு. கனகாலத்துக்கு இருக்கும்."

ரஞ்சனா தலையாட்டினாள்.

"ஆனா நேரத்துக்குப் போன் பண்ணினது நீங்கள்தான். இல்லாட்டி ஓடுற பஸ்ஸில அவருக்கு இழுத்திருக்கும்." அவள் பெருமூச்சுவிட்டுக் கதவை அகலத் திறந்தாள். "மழைக்க நிக்காதேங்கோ. உள்ளுக்கு வாங்கோ."

முன்னறையில் சோபாவில் சயந்தன் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதியாய் இளைத்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"வாங்கோ அக்கா" என்றான்.

ரஞ்சனா செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் கோட்டோடு அவனெதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.