பினாங்குத் தபால்

என் கணவர் சிவக்கொழுந்து பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் திரும்பி வந்த பிறகும், பினாங்கிலிருந்து எனக்குக் கடிதம் எழுதிவந்தார். பதினைந்து நாளுக்கு ஒரு கப்பல். கப்பலுக்கு ஒரு கடிதம்.

தபால்காரர் உறையை வீட்டில் இருந்த என் கணவர் கையில்தான் கொடுப்பார். அவர் முகவரியைப் பார்த்துவிட்டு, "உனக்குத்தான் தையலு" என்று என்னிடம் நீட்டுவார். பிரிக்க மாட்டார். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை அடுத்தவர் படிப்பது மரியாதையில்லை என்பார்.

வீட்டில் இருந்தவர் அதிகம் பேசமாட்டார். கடிதத்தில் இருந்தவர் எல்லாம் விசாரிப்பார். பசு கன்று போட்டதா, என் காதுவலி தேவலையா, புதுப் புடவை சாயம் போகிறதா. நான் ஒன்றுவிடாமல் பதில் எழுதுவேன். வீட்டில் இருந்தவர் தபால்தலை ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார்.

அந்த வருஷம் ஐப்பசியில் இரண்டு கப்பல் வந்தும் கடிதம் வரவில்லை. மூன்றாவதிலும் இல்லை. எனக்குச் சாதம் இறங்கவில்லை.

"அவனுக்கு மார்ச்சளியாத்தான் இருக்கும். மழைக்காலத்துல வரும்" என்றார்.

"மருந்து சாப்பிடுவாங்களா?"

"கஷாயம்னா கிட்டயே வரமாட்டான்."

"நான் எழுதினா?"

"எழுதினா படிப்பான். குடிக்க மாட்டான்."

பிறகு, "வச்சுக் கொடு, நான் குடிக்கிறேன்" என்றார்.

ஆடாதோடை இலையோடு மிளகு தட்டிப்போட்டுக் காய்ச்சினேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் கஷாயம் குடித்து நான் பார்த்ததில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் குடித்தார்.

அடுத்த கப்பலில் கடிதம் வந்தது. 'இவ்விடம் க்ஷேமம். காய்ச்சல் விட்டுவிட்டது. வாய் மட்டும் ஒரே கசப்பாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை. அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்.'

முதல்முறையாக ஒரு கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கையெழுத்தையும் பார்க்கச் சொன்னேன்.

"கை இன்னும் நடுங்குது. பக்கத்துல ஆள் இருந்தாத் தேவலை" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மாசியில் பினாங்கிலிருந்து அவர் பெயருக்கு ஓர் உறை வந்தது. கையெழுத்து என்னுடையது. அவர் ஜன்னலோரம் போய் நின்று நிதானமாகப் படித்தார்.

"கப்பல்ல ஒருநாள்தான் வாந்தியாம். நல்லபடியா கரை இறங்கிட்டியாம்."

"அவங்க எப்படி இருக்காங்களாம்?"

"தேறிட்டானாம். நீ வச்ச ரசத்தை ரெண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டானாம்."

அங்கே புளி நல்லதாகக் கிடைக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னேன்.