இரும்புத் தொப்பியும் தகரக் குவளையும்

என் அப்பா இஞ்ஞாசிமுத்துவை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனபோது எனக்கு ஐந்து வயது. தோட்டத்து ஆள் பதிவேட்டிலோ அவர் பெயருக்கு நேரே 'ஓடிப்போனவர்' என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து பாடாங் மேஹா ரப்பர் தோட்டம் முழுக்க நான் ஓடுகாலி மகள் ரோசம்மா. முப்பத்தோரு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டேதான் வாழ்ந்தேன்.

எழுபத்து நாலில் பட்டர்வொர்த் முகாமிலிருந்து வால்டர் என்ற வெள்ளைக்காரச் சிப்பாய் வந்தான். தன் நாட்டு அருங்காட்சியகத்துக்குப் பழைய யுத்தச் சாமான் சேர்க்கிறானாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எர்னஸ்ட் அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஜித்ராவில் ஜப்பான்காரனிடம் தோற்று ஓடிவந்த வெள்ளைக்காரப் பட்டாளம் எங்கள் தோட்டத்தில் வீசிவிட்டுப் போன இரும்புத் தொப்பியில் என் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் வால்டர் மண்டிபோட்டுவிட்டான்.

"கொடுத்துடு லா ரோசம்மா, தொர ஆசைப்படுறாரு" என்றார் கிராணி.

நான் உள்ளே போய் அப்பாவின் தகரக் குவளையை எடுத்து வந்தேன். சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய பழனியாண்டி மாமா கொண்டுவந்து கொடுத்தது. அடியில் அப்பா தன் பெயரையும் 'சயாம் 1943' என்றும் ஆணியால் கீறியிருந்தார்.

"ரெண்டையும் எடுத்துக்கச் சொல்லுங்க. இல்லாட்டி தொப்பி கோழிக்கே இருக்கட்டும்."

வால்டர் தலையைச் சொறிந்தான். சிப்பாய்களின் சாமான் மட்டும்தான் வாங்குவானாம். எனக்கு வந்ததே கோபம்!

"அட போங்க கிராணியாரே! இந்தத் தொப்பியக் கழட்டி வீசிட்டு ஓடினவனுக்குக் கண்ணாடி அலமாரி. பாதை போட்டுச் செத்த எங்கப்பாவுக்கு ஓடுகாலிப் பட்டமா? இத அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்த கொறையக்கூடாது!"

கிராணிக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் சொன்னார். வால்டர் குவளையை வாங்கி, அடியில் கீறியிருந்ததை விரலால் தடவினான். பிறகு இரண்டையும் பதிந்து ரசீது எழுதித் தந்தான். அப்பா ஓடவில்லை, ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான், சயாமில் இறந்தார் என்று அதில் இங்கிலீஷில் இருந்தது.

"இத நாளைக்குப் பெரட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்" என்றேன். கிராணி மறுக்கவில்லை.

பெரட்டு என்றால் விடிகாலையில் வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வரும்வரை நிறுத்துவது கிராணியின் பழக்கம். மறுநாள் அவர் ரசீதைப் பிரித்து, "இஞ்ஞாசிமுத்து" என்று உரக்கப் படித்தார். பழக்க தோஷம், அங்கேயே நிறுத்திவிட்டார்.

நான் பெரட்டே அதிரக் கத்தினேன்:

"இருக்காரு!"