வாயாடியின் பதினேழு புகார்கள்

தொண்ணூற்றாறு மணி நேரத்தில் பிளக் அண்ணன் முப்பத்தொரு முறை மின்சாரத்தைப் பிடுங்கினார். அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வயர், பேட்டரி, மின்விசிறி எல்லாம் அவர் பொறுப்பு.

பதினெட்டு வருட எக்ஸ்ரே படங்களைப் புதிய டிஸ்க்குகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. எந்தப் படம் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள்தான் கோப்பு முறைமை. பழையதையே வைத்துக்கொள்வதா, புதியதற்கு மாறுவதா என்பதுதான் கேள்வி. இரண்டு கணினிகளில் இரண்டு முறைமைகளை நிறுவி, அந்தப் படங்களில் ஒரே பகுதியை இரண்டிலும் ஏற்றி, நான்கு நாள் சோதித்தோம்; மின்சாரத்தைப் பிடுங்கியதும் அதற்காகத்தான். கணினிக்கு இரண்டு டிஸ்க். ஒன்றில் இருப்பதன் நகல் மற்றதில்.

பழைய முறைமைக்கு அண்ணன் வைத்த பெயர் சாது. வேகமானது. மின்சாரம் போய் வந்தால் பதினொரு நொடியில் எழுந்துவிடும். புதியது வாயாடி. இரண்டு மடங்கு நினைவகம் கேட்டது, மெதுவாக எழுதியது. ஆனால் சோதனைக்காக நான் அழித்த கோப்பை முந்தைய நாள் இருந்தபடியே திருப்பிக் கொடுத்தது.

முதல் நாளே நான் ஒரு தவறு செய்தேன். டிஸ்க் பழுதானால் முறைமை கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க, டிஸ்க்கில் பதினேழு இடங்களைக் கெடுக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். அதைப் பயிற்சி டிஸ்க்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருமுறை தட்டும் கட்டளை இரு கணினிகளுக்கும் போகும்படி அமைத்திருந்த திரை ஜன்னலில் தவறி ஓட்டிவிட்டேன். இரண்டிலும் முதல் டிஸ்க்கில், படங்கள் இருந்த பகுதியில், பதினேழு இடங்கள் கெட்டன. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

வாயாடி கண்டுபிடித்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியாக வைத்திருந்து, படிக்கும்போதெல்லாம் ஒப்பிட்டது. பொருந்தாததை ஒதுக்கி, இரண்டாவது டிஸ்க்கிலிருந்து நல்லதை எடுத்து, கெட்டதன் மேல் எழுதிவிட்டது. அதன் அறிக்கையில் பதினேழு படங்களின் பெயர், பதினேழு நேரம். கெட்டவற்றை நான் நோட்டில் குறித்திருந்த பட்டியலோடு ஒன்றுகூட மாறவில்லை. அதைப் பார்த்தபோது பயத்தைவிட வியப்புதான் அதிகம். நாற்பது லட்சம் படங்களுக்குள் ஒரு மணிக்கட்டின் படத்தில் நான் வைத்த தழும்பு அதற்குத் தெரிந்திருக்கிறது.

சாது எதுவும் சொல்லவில்லை. அதே மணிக்கட்டை அங்கே திறந்து பார்த்தேன். பாதி எலும்பு, பாதி சாம்பல் நிறம்.

ஐந்தாம் நாள் காலை பிரிவுத் தலைவர் அறிக்கையோடு வந்தார்.

"பதினேழு புகாரா! வந்த புதுசுலயே இப்படியா? கல்யாணத்தன்னிக்கே சண்டை போட்ட கதையால்ல இருக்கு."

"வாயாடின்னு சும்மாவா பேரு வச்சேன் சார்?" என்றார் அண்ணன்.

"சாதுவப் பாருய்யா. முப்பத்தொரு தடவ பிடுங்கியும் ஒரு முணுமுணுப்பு இல்ல. நம்ம பொண்ணு மாதிரி. தான் உண்டு, தன் வேல உண்டு" என்று தலைவர் என்னைக் காட்டினார்.

"சாது மிரண்டா காடு கொள்ளாது சார், பாத்துக்கோங்க."

தலைவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். "சாதுவே இருக்கட்டும். மத்தியானமே எல்லாப் படத்தையும் ஏத்திடலாம்."

அந்த மணிக்கட்டு யாருடையது என்று தெரியாது. கோப்பின் பெயரில் வயது மட்டும் இருந்தது: ஒன்பது.

"சார்."

இருவரும் திரும்பினார்கள். நான் தானாக வாய் திறந்தது அதுவே முதல்முறை.

"சாதுகிட்டயும் பதினேழு கெட்டிருக்கு சார். அது சொல்லல, அவ்ளோதான். வாயாடி கண்டுபிடிச்சு, சரியும் பண்ணிடுச்சு."

"அறிக்கையில சாதுவுக்கு சைபர்னு போட்டிருக்கே. உனக்கு எப்படிம்மா தெரியும்?"

பேனா இன்னும் காகிதத்தைத் தொடவில்லை.

"கெடுத்தது நான்தான் சார். ரெண்டு மிஷின்லயும்."